சர்ச் ஜன்னலின் மூலையில் ஒரு கோதுமைக் கட்டு

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். போன கோடையில் மகள் வீட்டுக்கு இங்கிலாந்து வந்திருந்த ஒருவர் நாலைந்து கிராமத்து சர்ச்சுகளைப் பார்த்திருக்கிறார். எல்லாவற்றிலும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். கூட வந்தவர், எல்லாமே 600 வருஷத்துப் பழசு என்று சொல்லியிருக்கிறார். யார் நினைவாக வைத்தது என்பது மட்டும் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது, செய்தவர் பெயர் எங்கேயும் இல்லை. ஒன்றில் தேவதூதர்களுக்கு மயில் தோகையில் இறக்கை, அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது என்கிறார். நிஜமாகவே அவ்வளவு பழசா, செய்தது யார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

கூட வந்தவர் சொன்னதை முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். கட்டடத்துக்கு 600 வயது இருக்கலாம், 800 கூட இருக்கலாம். கண்ணாடி அநேகமாக விக்டோரியா ராணி காலத்தும் அதை ஒட்டியும் வந்த சரக்கு, அதாவது 1840-க்கும் முதல் உலகப் போருக்கும் நடுவில் செய்தது. இந்த நாட்டு சர்ச்சுகளில் இன்றைக்கு நாம் பார்க்கும் வண்ணக் கண்ணாடியில் பெரும்பங்கு அந்தக் காலத்ததுதான். பழசெல்லாம் எங்கே போனது என்றால், உடைத்துவிட்டார்கள். எட்டாம் ஹென்றி ராஜா ரோமின் போப்போடு முறித்துக்கொண்ட பிறகு, அவர் மகன் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் 1547-ல் சர்ச்சுகளில் உள்ள உருவங்களையும் ஜன்னல் படங்களையும் அகற்றச் சொல்லி உத்தரவு வந்தது. ஆனால் இது குளிரும் மழையுமான நாடு, படக் கண்ணாடியை உடைத்தால் அந்த ஓட்டைக்கு வெறும் கண்ணாடியாவது போட வேண்டும், அதற்குக் காசு வேண்டும். அதனால் பல ஊர்களில் கண்டும் காணாமலும் விட்டார்கள். அந்த நூற்றாண்டில் தப்பியதற்கு அடுத்த நூற்றாண்டில் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் வந்தது வினை. வில்லியம் டவ்சிங் என்று ஒருவர், 1643 டிசம்பரிலிருந்து அடுத்த வருஷம் வரை சஃபோக், கேம்பிரிட்ஜ்ஷயர் பக்கம் 250-க்கும் மேற்பட்ட சர்ச்சுகளுக்குப் போய் உடைத்து, எங்கே எத்தனை படம் என்று டைரியும் எழுதி வைத்தார். சில ஊர்களில் வந்து போனதற்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் கட்டணமும் வாங்கிக்கொண்டார்! கேன்டர்பரி கதீட்ரலில் ரிச்சர்ட் கல்மர் நீண்ட ஈட்டியோடு ஏணியில் ஏறிக் குத்தி உடைத்தார், இத்தனைக்கும் அவரே ஒரு போதகர். வின்செஸ்டர் கதீட்ரலின் மேற்கு ஜன்னலை 1642-ல் சிப்பாய்கள் நொறுக்கினார்கள். முடியாட்சி திரும்பிய பிறகு அந்தச் சில்லுகளைப் பொறுக்கி, எது எங்கே என்று பார்க்காமல் அப்படியே சேர்த்து வைத்தார்கள். இன்றும் போய்ப் பார்க்கலாம், அங்கே ஒரு முகத்துண்டு, இங்கே ஒரு கைவிரல், எந்தக் கதையும் கிடையாது. எனக்கு இந்த நாட்டு ஜன்னல்களில் மிகவும் பிடித்தவற்றில் அது ஒன்று.

தப்பிப் பிழைத்தவையும் உண்டு. கம்பளி வியாபாரத்தில் பணம் சேர்த்த ஜான் டேமும் அவர் மகன் எட்மண்டும் கட்டிய ஃபேர்ஃபோர்டு சர்ச்சில் 1500-ஐ ஒட்டிச் செய்த 28 ஜன்னல்களும் ஏறக்குறைய முழுசாக நிற்கின்றன, இங்கிலாந்தில் ஒரு ஊர் சர்ச்சில் இப்படி ஒரு முழு வரிசை வேறெங்கும் மிஞ்சவில்லை. யார்க் நகரம் 1644-ல் நாடாளுமன்றப் படையிடம் சரணடைந்தபோது, படைத்தலைவர்களில் ஒருவரான தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ் அந்தப் பக்கத்து மனிதர் என்பதால், சர்ச்சுகளில் கைவைக்கக் கூடாது என்ற சரணடைவு நிபந்தனையைக் காப்பாற்றினார். கேன்டர்பரியிலும் கல்மரின் ஈட்டிக்கு எட்டாத உயரத்தில் சில இருந்தன. இயேசுவின் முன்னோர் வரிசையில் உள்ள சில உருவங்களை 2021-ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சில்லையும் பெயர்க்காமல் கையடக்கக் கருவி வைத்து ஆராய்ந்தார்கள். அவை 1100-களின் நடுப்பகுதியைச் சேர்ந்தவையாக இருக்கலாம் என்று முடிவு வந்தது. அப்படியானால் 1170-ல் பேராயர் தாமஸ் பெக்கெட் அதே கதீட்ரலில் வெட்டிக் கொல்லப்பட்டபோது அவை ஜன்னலில் இருந்திருக்கும்.

சரி, பழசையும் புதுசையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? உள்ளே நின்று அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டு வெளியே போய் ஜன்னலின் பின்பக்கத்தைப் பாருங்கள். மத்தியகாலக் கண்ணாடி மரச் சாம்பல் போட்டு உருக்கியது. சாம்பலில் உள்ள பொட்டாசியத்தால் மழையும் ஈரமும் அதை அரித்துவிடும், அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருக்கும், சில இடத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும். விக்டோரியா காலத்துக் கண்ணாடியில் வெளிப்பக்கம் பெரும்பாலும் வழுவழுவென்று இருக்கும். ஆனால் அதற்கென்று வேறு ஒரு வியாதி உண்டு. 1860-கள், 1870-களில் சில பட்டறைகள் குறைந்த சூட்டிலேயே பெயிண்ட் ஒட்டிக்கொள்ளட்டும் என்று அதில் போராக்ஸ், அதாவது வெண்காரம், கலந்தார்கள். கொஞ்ச வருஷத்திலேயே ஈரம் பட்டுப் பெயிண்ட் உதிர்ந்து, அங்கி எல்லாம் பளிச்சென்று இருக்க முகம் மட்டும் வெறும் கண்ணாடியாக, புனிதர்கள் முகமில்லாமல் நிற்பார்கள். பியூரிட்டன்கள், அதாவது சர்ச்சில் படமே கூடாது என்ற கடும் சீர்திருத்தக்காரர்கள், அழித்துவிட்டார்கள் என்று வழிகாட்டிகள் கதை சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். அழித்தது போராக்ஸ்.

இனி உங்கள் உண்மையான கேள்வி. "யார் செய்தது" என்பதற்கு ஒற்றைப் பெயர் பதிலாகக் கிடைப்பது அபூர்வம், ஏனென்றால் ஒரு ஜன்னல் பல கை மாறி வருகிற சாமான். ஒருவர் சின்னதாக வரைவார், பணம் கொடுப்பவரிடம் காட்டிச் சம்மதம் வாங்குவதற்கு. அப்புறம் ஜன்னல் எவ்வளவு பெரிசோ அவ்வளவு பெரிதாக ஒரு படம், இதற்குத்தான் ஆதியில் கார்ட்டூன் என்று பேர், பத்திரிகைக் கேலிச்சித்திரம் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது ரொம்பப் பிற்பாடு. அதை வைத்து வேறொருவர் ஒவ்வொரு நிறத்துக்கும் கண்ணாடியைத் தேர்ந்து வெட்டுவார். நிறம் மேலே பூசியது கிடையாது, உருக்கும்போதே கோபால்ட் போட்டால் நீலம், செம்பு போட்டால் பச்சையோ சிவப்போ என்று கண்ணாடிக்குள்ளேயே இருப்பது. சிவப்பு மட்டும் முழுத் தடிமனுக்கும் இருந்தால் கறுப்பாகத் தெரியும் என்பதால், வெள்ளைக் கண்ணாடி மேல் மெல்லிய படலமாக ஏற்றுவார்கள். முகம், துணி மடிப்பு, எழுத்து இதெல்லாம் இரும்பு அல்லது செம்பு ஆக்சைடும் கண்ணாடிப் பொடியும் கலந்த கரும்பழுப்புப் பெயிண்டில் தீட்டி 600 டிகிரிக்கு மேல் சூளையில் சுடுவது. வெள்ளிச் சேர்மத்தைப் பின்பக்கம் தடவிச் சுட்டால் மஞ்சள் வரும், 1300-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு வந்த வித்தை அது. வண்ணக் கண்ணாடியை ஆங்கிலத்தில் ஸ்டெயின்ட் கிளாஸ் என்கிறார்களே, அந்த ஸ்டெயின் என்ற சொல் கறாராகப் பார்த்தால் அந்த மஞ்சளுக்கு மட்டும்தான் பொருந்தும், இப்போது எல்லாவற்றுக்கும் அதே பேர் நிலைத்துவிட்டது. கடைசியில் இன்னொருவர் இருபக்கமும் பள்ளம் உள்ள ஈயப்பட்டைகளில் சில்லுகளைக் கோத்து, மூலைகளைப் பற்றவைத்து, இடுக்கில் சிமெண்ட் தேய்த்து அடைப்பார். இத்தனை பேரில் யார் பெயரைப் போடுவது?

யார்க் நகரத்துக் கதீட்ரலான யார்க் மின்ஸ்டரின் கிழக்குப் பெரு ஜன்னலுக்கு அதிர்ஷ்டவசமாக ஒப்பந்தத்தின் விவரம் கிடைத்திருக்கிறது. 1405-ல் கவென்ட்ரியைச் சேர்ந்த ஜான் தார்ன்டனோடு போட்டது. மூன்று வருஷத்தில் முடிக்க வேண்டும், வாரத்துக்கு 4 ஷில்லிங், அது போக வருஷத்துக்கு 5 பவுண்டு, நன்றாக முடித்தால் கடைசியில் 10 பவுண்டு. கூட்டிப் பார்த்தால் 56 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. இந்தப் பணத்துக்கு ஏறக்குறைய டென்னிஸ் மைதானம் அளவு ஜன்னல்! 311 படக்கட்டங்கள், உலகத்தின் படைப்பிலிருந்து கடைசி நியாயத்தீர்ப்பு வரைக்கும். 1408-ல் முடித்து உச்சியில் வருஷத்தையும் எழுதிவிட்டார். அந்த ஒப்பந்தத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: உருவங்களையும் கதைகளையும் அவர் தன் கையாலேயே வரைய வேண்டும், தேவையான இடங்களில் வண்ணமும் தீட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். கூலிக்கு ஆள் வைத்து ஒப்பேற்றிவிடுவாரோ என்ற பயம் 1405-லேயே இருந்திருக்கிறது. பட்டறை ஆட்கள் இல்லாமல் மூன்று வருஷத்தில் முடித்திருக்கவும் முடியாது, ஆனால் அவர்களில் ஒருவர் பெயரும் நமக்கு வரவில்லை. இதே ஜன்னலை இந்த நூற்றாண்டில் கழற்றிச் சுத்தம் செய்து 2018-ல் திரும்ப மாட்டி முடிக்க ஏறக்குறைய பத்து வருஷம் ஆனது, சுமார் ஒரு கோடியே பதினைந்து லட்சம் பவுண்டு செலவு.

நடுவில் ஒரு 200 வருஷத்தைத் தாண்டிவிடுகிறேன். அப்போது கண்ணாடியைக் கான்வாஸ் மாதிரி நினைத்து எனாமல் வண்ணத்தில் படம் எழுதினார்கள், எனக்கு அதில் ருசி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மத்தியகால மோகம் வந்தது, ஊர்கள் பெருகின, புது சர்ச்சுகள் எழுந்தன, பழையவற்றைப் புதுப்பித்தார்கள், செத்தவர் நினைவாகக் கல்லறைக் கல்லுக்குப் பதில் ஜன்னல் வைப்பது நாகரிகமானது. கண்ணாடியின் தரம்தான் தகராறு, ரொம்பச் சுத்தமாக, தட்டையாக, ஒளி ஊடுருவி ஓடிவிடுகிற மாதிரி இருந்தது. சார்லஸ் வின்ஸ்டன் என்ற ஒரு வக்கீல், தொழிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பழைய சில்லுகளை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பி, லண்டன் வைட்ஃப்ரையர்ஸில் இருந்த ஜேம்ஸ் பவல் கம்பெனியை வைத்து அதே மாதிரிக் கண்ணாடியை மறுபடி உருக்க வைத்தார். அதற்கப்புறம் ஆலை மாதிரி நடந்தது. நியூகாசிலில் வெயில்ஸ், பர்மிங்ஹாமில் ஹார்ட்மன், லண்டனில் கிளேட்டன் அண்ட் பெல். கிளேட்டன் அண்ட் பெல்லில் உச்சகாலத்தில் சுமார் 300 பேர் வேலை பார்த்தார்கள். ஆலைச் சரக்கு என்று மட்டம் தட்டுவோர் உண்டு. ட்ரூரோ கதீட்ரலில் அவர்கள் செய்த வரிசையை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

பெயர் விஷயத்தில் எல்லாரும் சொல்வது வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ். 1861-ல் நண்பர்களோடு கம்பெனி தொடங்கினார், அடுத்த வருஷமே க்ளாஸ்டர்ஷயரில் செல்ஸ்லி சர்ச்சுக்குக் கண்ணாடி செய்தார்கள். ஆனால் மோரிஸ் ஜன்னல் என்று நாம் சொல்வதில் உருவங்களைப் பெரும்பாலும் வரைந்தது அவர் நண்பரான ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ். எந்த நிறம், ஈயக்கோடு எங்கே ஓட வேண்டும் என்பது மோரிஸின் முடிவு. தீட்டியதும் கோத்ததும் பட்டறை ஆட்கள். பர்ன்-ஜோன்ஸ் தன் கணக்குப் புத்தகத்தில் மோரிஸ் கொடுத்த கூலியைப் பற்றிக் கிண்டலும் புலம்பலுமாக எழுதி வைத்திருக்கிறார். அவர் ஞானஸ்நானம் பெற்ற சர்ச்தான் இன்றைய பர்மிங்ஹாம் கதீட்ரல், அங்கே 1885-லிருந்து 1897 வரை நான்கு பெரிய ஜன்னல்கள் வைத்தார்கள். மேற்கு ஜன்னலில் கடைசி நியாயத்தீர்ப்பு, சாயங்கால வெயிலில் அந்தச் சிவப்பைப் பார்ப்பதற்கென்றே ரயில் ஏறலாம். 1940 நவம்பரில் குண்டு விழுந்து கட்டடம் எரிந்தபோது கண்ணாடிகள் அங்கே இல்லை, முன்யோசனையாகக் கழற்றி வேல்ஸில் ஒரு சுரங்கத்தில் வைத்திருந்தார்கள். நம் ஆட்கள் அவ்வளவு தூரம் போகாமலே பார்க்க வேண்டுமென்றால் கொல்கத்தா புனித பவுல் கதீட்ரலின் மேற்கு ஜன்னல் பர்ன்-ஜோன்ஸ் வரைந்ததுதான். அந்தமானில் 1872-ல் குத்திக் கொல்லப்பட்ட வைஸ்ராய் மேயோ பிரபு நினைவாக வைத்தது. மோரிஸைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிறேன் என்று கெடுக்காதீர்கள் என 1877-ல் சங்கம் தொடங்கியவர், அதோடு பழைய சர்ச்சுகளுக்குப் புதுக் கண்ணாடி செய்வதில்லை என்றும் முடிவெடுத்தார். சில விதிவிலக்கு இருந்தாலும், நல்ல வருமானம் வந்துகொண்டிருந்த வேலை அது.

இப்போது மூலைக்கு வருவோம். பெயர் எழுதும் வழக்கம் குறைவு, ஆனால் சிலர் குறி வைப்பார்கள், பெரும்பாலும் கீழ் மூலையில், கட்டைவிரல் அளவுக்கு. பவல் கம்பெனி பிற்காலத்தில் வெள்ளை அங்கி போட்ட ஒரு குட்டித் துறவியை வைத்தது, அவர்கள் ஆலை இருந்தது பழைய வெள்ளைத் துறவிகள் மடத்து இடம். ஜெஃப்ரி வெப் சிலந்திவலை வைப்பார், பெயரிலேயே வலை இருக்கிறதே. ஹியூ ஈஸ்டன் காற்றுக்குச் சுழலும் சேவல் வைப்பார், வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பிரிட்டன் வான்போர் நினைவு ஜன்னல் அவருடையது. நினியன் காம்பர் வைத்தது ஸ்ட்ராபெரி. அவர் அப்பா அபர்டீனில் போதகர், ஒரு பூங்காவில் ஏழைக் குழந்தைகளுக்கு ஸ்ட்ராபெரி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறந்துபோனார், அந்த ஞாபகம். இந்தக் கதை தெரிந்த பிறகு காம்பர் ஜன்னல் எதைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது அந்தப் பழத்தைத்தான்.

கோதுமைக் கட்டு வைத்தவர் சார்லஸ் ஈமர் கெம்ப். திக்குவாயால் போதகராக முடியாமல் போய், சர்ச்சை அலங்கரிக்கும் வேலைக்கு வந்தவர். வெள்ளி மஞ்சளும் மங்கின பச்சையுமாக, முத்துப் பதித்த ஜரிகை அங்கிகளில், கொஞ்சம் சோகமான வெளுத்த முகங்கள். தேவதூதர் இறக்கை மயில் தோகை. குறி மட்டும்தான், அதுவும் அவர் குலச்சின்னத்திலிருந்து எடுத்தது, வரைந்த ஜான் லைல் போன்ற பட்டறைக் கலைஞர்களின் பெயர் வெளியே வராது. 1907-ல் கெம்ப் இறந்ததும் சொந்தக்காரரான வால்டர் டவர் பொறுப்பேற்று, கோதுமைக் கட்டின் மேல் ஒரு சின்னக் கறுப்புக் கோபுரம் சேர்த்துக்கொண்டார். குறியில்லாமல் பாணியை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்வது ஆபத்து. ஒரு கிராமத்து சர்ச்சில் "இது கெம்ப்" என்று நான் பெரிய மனுஷனாக விளக்கிக்கொண்டிருந்தேன், பூ அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி திரும்பிக்கூடப் பார்க்காமல் "பர்லிசன் அண்ட் க்ரில்ஸ், கண்ணா, ரசீது எங்கள் பெட்டியில் இருக்கிறது" என்றார். அது வேறொரு பட்டறை.

இந்த ஆலை முறையைப் பிடிக்காதவர்களும் வந்தார்கள். கிறிஸ்டபர் வால், தன் வடிவத்தைப் பிறர் கையில் விட்டுவிடாமல் வெட்டுவது, தீட்டுவது, கோப்பது எல்லாவற்றையும் கலைஞரே கற்க வேண்டும் என்று ஒரு தலைமுறையையே பழக்கினார். க்ளாஸ்டர் கதீட்ரலில் மரியாளுக்கான சிற்றாலயமான லேடி சேப்பலில் அவர் ஜன்னல்களைப் பாருங்கள், வெள்ளைக் கண்ணாடியே பனிக்கட்டி மாதிரி தடிமன் தடிமனாக ஒளிரும். அவர் வழியில் வந்த மேரி லவுண்ட்ஸ், ஆல்ஃபிரட் டிரூரியோடு சேர்ந்து 1906-ல் லண்டன் ஃபுலமில் க்ளாஸ் ஹவுஸ் என்று ஒரு கட்டடமே கட்டினார். சூளையும் ஆட்களும் அங்கே இருக்கும், கம்பெனி வைக்க வசதியில்லாத கலைஞர் வாடகைக்கு இடம் எடுத்துத் தன் ஜன்னலைத் தானே செய்யலாம். பெரிய பட்டறைகளில் இடம் கிடைக்காத பெண்களுக்கு இதுதான் கதவு திறந்தது. லவுண்ட்ஸ் பெண்கள் வாக்குரிமை ஊர்வலங்களுக்குப் பதாகைகளும் வடிவமைத்தவர். அங்கே வேலை செய்த மார்கரெட் ரோப் 1923-ல் கார்மேல் மடத்தில் கன்னியாஸ்திரீயாகச் சேர்ந்த பிறகும் விடவில்லை, மடத்துக்குள் இருந்தபடியே கண்ணாடி தீட்டிச் சுடுவதற்கு லண்டனுக்கு அனுப்பினார். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரியும் இதே தொழில், இதே குடும்பப் பெயர், அவர் குறி ஆமை. இருவரையும் குழப்பிக்கொள்ளாத ஆளே கிடையாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் வரைந்தவர் ஒருவர், செய்தவர் ஒருவர் என்ற கதைதான். கவென்ட்ரி புதுக் கதீட்ரலின் ஞானஸ்நான ஜன்னலை, 195 கட்டங்கள், எல்லாரும் அதை வரைந்த ஓவியர் ஜான் பைப்பருடையது என்பார்கள். செய்தவர் பேட்ரிக் ரெயின்டியன்ஸ். கென்ட்டில் ட்யூட்லி என்ற சின்ன சர்ச்சில் 12 ஜன்னலும் ஓவியர் மார்க் ஷகால் வரைந்தவை, படகு விபத்தில் இறந்த 21 வயதுப் பெண்ணுக்காகப் பெற்றோர் வைத்தது 1967-ல் ஒன்றுதான், மற்றதெல்லாம் ஷகால் அந்த இடத்தைப் பார்த்த பிறகு சேர்ந்து, 1985-ல் நிறைவானது. அவற்றையும் பிரான்ஸில் செய்து கொடுத்த சார்ல் மார்க்கின் பெயரை யாரும் சொல்வதில்லை.

உங்கள் ஜன்னலுக்கு வழி சொல்கிறேன். சர்ச் மேசையில் ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டுக்கு வைத்திருக்கும் சின்னக் கையேட்டை வாங்குங்கள், பாதி நேரம் பதில் அதிலேயே இருக்கும். இல்லையென்றால், சர்ச்சில் எதை மாற்றினாலும் பேராயத்தின் அனுமதி வாங்க வேண்டும் என்பதால் அந்த மனுவும் பல சமயம் வரைபடமும் அந்த வட்டார ஆவணக் காப்பகத்தில் இருக்கும். உங்கள் மயில் தோகைக்கு என் ஊகம் கெம்ப், ஆனால் பாட்டியிடம் பட்ட பிறகு ஊகத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். மகளை ஒரு நடை போகச் சொல்லுங்கள், கிழக்கு ஜன்னல் என்றால் காலையில், ஒரு பைனாகுலரோடு. கீழ் மூலை இரண்டையும் பார்க்கட்டும். கோதுமைக் கட்டு மட்டும் இருந்தால் 1907-க்கு முன்னால், அதன்மேல் கோபுரம் இருந்தால் பின்னால். ஒன்றுமே இல்லையென்றாலும் கெம்ப் இல்லை என்று ஆகாது, ஆரம்ப கால வேலைகளில் குறி வைக்கவில்லை. நீங்கள் அனுப்பிய போட்டோவில் இறக்கை எல்லாம் அழகாக வந்திருக்கிறது, கீழே ஒரு அடிதான் வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது.